உயர்த்திக் கட்டிய வாளிகள்

வாளிகளை யாரோ முன்கூட்டியே உயர்த்திக் கட்டியிருந்தார்கள்.

ஞாயிறு காலை லாயத்துக்குள் நுழைந்த மாதங்கியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். ஏழு குதிரைகளின் தீவன வாளிகளும் எப்போதும் தரையில்தான் இருக்கும். குதிரை காலால் தட்டிவிடாதபடி ஒவ்வொரு வாளியையும் ஒரு பழைய கார் டயருக்குள் பொருத்தி வைத்திருப்பார்கள். இன்று டயர்கள் காலியாகக் கிடந்தன. வாளிகள் கொட்டடிக் கதவுகளின் மேல்சட்டத்தில், கிட்டத்தட்ட அவளுடைய வாய்க்கு நேராக, புது நைலான் கயிற்றில் தொங்கின. ராத்திரி மழையின் ஈரமும், ஊறிய கொள்ளின் வாசமும், கூரைத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்த நீரின் சத்தமும் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. வாளிகள் மட்டும் இடம் மாறியிருந்தன.

குதிரை மேய்வதற்குப் பிறந்த பிராணி. தலையைத் தாழ்த்தித்தான் தின்னும். வாளியை உயர்த்துவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. கழுத்தில் தடுப்பூசி போட்ட மறுநாள், ஊசி இறங்கிய இடம் வீங்கித் தசை விறைத்துப்போய், குனிய முடியாமல் சில குதிரைகள் பட்டினி கிடக்கும். அப்போது வாளியை வாய்க்கு எட்டும் உயரத்தில் கட்டிவிட்டு, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மெல்ல நடக்கவிட்டால் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும்.

ஆனால் ஊசி இன்னும் போடவே இல்லை.

"யூசுப் பாய், இதையெல்லாம் யாரு மேல கட்டினது?"

கடைசிக் கொட்டடியிலிருந்து முகமது யூசுப் வெளியே வந்தார். ஆம்பூர்க்காரர். சென்னையில் ரேஸ் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். தெலுங்கு பேசும் நகரத்தின் ஓரத்தில், சைனிக்புரிக்கும் போலாரத்துக்கும் நடுவில், பழைய பங்களா ஒன்றின் பின்பக்கத்தைக் குத்தகைக்கு எடுத்து இந்தக் குதிரையேற்றப் பள்ளியை மாதங்கியும் அவள் கணவனும் தொடங்கியபோது வந்து சேர்ந்தவர். கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார்.

"சார் கட்டச் சொன்னாரு மேடம்."

"ஊசியே இன்னும் போடலியே."

"ஹவ், ஆமா," என்றார் யூசுப். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

இதுவும் வழக்கமில்லை. யூசுப் வாயை மூடுவதே அபூர்வம். போன மாதம், முதல் ஊசி போட்ட அன்று, பெரிய ஆண் குதிரை சுல்தான் ஐஸ் பெட்டியைப் பார்த்ததுமே சாணி போட்டதற்கு, "பாருங்க மேடம், பேரு சுல்தான், ஊசின்னா வயித்தக் கலக்குது. எங்க மாப்பிள்ளையும் இதே ஜாதிதான்" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்தவர்.

"கைக்கு இந்த மஃப்ளர்?" என்று அவர் பாஷையிலேயே ஏன் என்று கேட்டாள். "ஊட்டிக்கா போறீங்க?"

"நக்கோ மேடம், இல்ல. காத்து."

அவர் கையிலிருந்த தேய்ப்பு பிரஷ் நழுவி விழுந்தது. யூசுப் கீழே பார்க்கவில்லை. முதுகையும் கழுத்தையும் நேராக வைத்துக்கொண்டே முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கண்கள் எதிர்ச்சுவரில் இருக்க, ஈரத் தரையைக் கையால் துழாவி, பிரஷைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தார். மாதங்கி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வயசாகிறது, முதுகு பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கணவன் கிருஷ்ணபிரசாத் ஐஸ் பெட்டியோடு வந்தான். கால்நடை மருத்துவன். குரலை உயர்த்தத் தெரியாதவன். கடிக்கிற குதிரைகூட அவனிடம் ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் கடிக்கும். அவளுக்கும் அவனுக்கும் இடையில் வேலைப் பங்கீடு கல்யாணத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. கல்லூரியில் என்.சி.சி. குதிரைப் படைப் பிரிவில் அவள் சேர்ந்திருந்தபோது, அங்கே குதிரைகளைப் பார்க்க வந்த இளம் டாக்டர் அவன். அன்று அவன் சொன்னதை அவள் இன்றுவரை மாற்றவில்லை. ஊசி என்னுடையது, தலை உன்னுடையது.

தலை என்றால் இதுதான். குதிரை யாரை அதிகம் நம்புகிறதோ அவர்தான் முகக்கயிற்றைப் பிடிக்க வேண்டும். ஊசி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கண்ணை உள்ளங்கையால் பொத்த வேண்டும். காதருகே ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்நூறு கிலோ எடையுள்ள மிருகம், நினைத்தால் மூன்று பேரைச் சுவரோடு நசுக்கிவிடக் கூடியது, கண்ணைப் பொத்திய அந்த ஒரு கைக்காக அசையாமல் நிற்கும். கையின் வாசனை தெரிந்ததாக இருந்தால் போதும்.

"முதல் டோஸ் இடது பக்கம். இன்னிக்கு வலது. ஒரே பக்கத்துல ரெண்டு தடவை போட்டா கட்டி விழும்" என்றான் பிரசாத், யாருக்கோ பாடம் எடுப்பதுபோல. சளிக் காய்ச்சலுக்கும் டெட்டனஸுக்கும் சேர்ந்த மருந்து என்று போன மாதமே சொல்லியிருந்தான். யாரோ தெரிந்தவர்கள் புதிதாகத் தயாரிக்கிறார்களாம், இலவசமாகத் தருகிறார்களாம். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊசி அவனுடையது.

வாசலில் மகள் மஹதி வந்து நின்றாள். பன்னிரண்டு வயது. முகம் எப்போதும்போல ஃபோனுக்குள் குனிந்திருந்தது.

"பல் தேச்சியா?"

"தோமுகுன்னானம்மா," என்றாள் மஹதி நிமிராமல். தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் தெலுங்கில் வரும், இல்லாவிட்டால் இங்கிலீஷில்.

"உன் வாயிலேருந்து ஒரே ஒரு தமிழ் வார்த்தை வரட்டும், பிள்ளையாருக்கு நூத்தியெட்டு தேங்காய் உடைக்கிறேன்."

"ஸோ எக்ஸ்பென்சிவ், மா."

பிரசாத் சிரித்தான். யூசுப் சிரிக்கவில்லை.

கடைசியாக ஜரியின் முறை. செம்பழுப்பு நிறம், பட்டுப்புடவைக் கரைபோலப் பொன்னிறப் பிடரி. மாதங்கி வளர்த்த குட்டி, பால்புட்டியில் தொடங்கி. அவள் ஜரியின் வலது கண்ணைப் பொத்தி, தன் நெற்றியை அதன் நெற்றியோடு சேர்த்து, தன் கண்களையும் மூடிக்கொண்டாள். அது அவளுடைய பழக்கம். ஒரு ஊசியைக்கூட அவள் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்ல கண்ணு. கொசு கடிக்கிற மாதிரிதான்."

ஸ்பிரிட் வாசனை வந்தது. போன தடவை அவள் உள்ளங்கைக்குள் ஜரியின் இமைகள் அகப்பட்ட வண்ணத்துப்பூச்சிபோலப் படபடத்தன. இந்தத் தடவை எதுவும் அசையவில்லை. கைக்குள் கண் திறந்தே இருந்தது. ஈரமாக, வழுவழுப்பாக, உள்ளங்கைத் தோலில் நேராகப் பட்டுக்கொண்டு. பொத்திய கையை அது இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

"அம்மா, நுவ்வெந்துக்கு கள்ளு மூஸ்குண்டாவ்?" என்று கேட்டாள் மஹதி. நீ ஏன் கண்ணை மூடிக்கொள்கிறாய் என்று.

"பார்த்தா எனக்கு வலிக்கும்."

மஹதி ஃபோனை இறக்கிவிட்டு அம்மாவின் கையை, அது குதிரையின் கண்மேல் இருந்த விதத்தை, கவனமாகப் பார்த்தாள்.

மறுநாள் மாலை, வெந்நீர் வாளியும் ஒத்தடத் துணியுமாக மாதங்கி லாயத்துக்குப் போனபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பெரிய மழைக்கு முந்தைய புழுக்கம். பட்டாளக் குடியிருப்பிலிருந்து மாலை ஊதுகொம்பின் ஓசை காற்றில் வந்தது. வழக்கமாக அந்த ஓசைக்குக் குதிரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் காதைத் திருப்பும். சுல்தான் ஒரு காதை, ஜரி இரண்டையும், கிழட்டு வெள்ளைக் குதிரை தூக்கத்திலேயே பாதியை. இன்று பதினான்கு காதுகளும் நேராக நின்றன.

வாசலைத் தாண்டியதும் அவள் நின்றாள். ஏதோ ஒரு சத்தம் குறைந்தது. என்ன என்று பிடிபடச் சற்று நேரமாயிற்று. மாலைத் தீவன நேரத்து லாயம் ஒரு சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஒன்று மெல்லும், ஒன்று செருமும், ஒன்று கதவை உதைக்கும், ஒன்று பக்கத்து வாளியைப் பார்த்து மூக்கால் ஊதும். இருபது வருடமாக அந்தக் கலவைச் சத்தத்துக்குள் வாழ்ந்த காது அவளுடையது. இன்று அந்த லாயத்தில் ஒரே ஒரு குதிரைதான் தின்றுகொண்டிருந்தது.

கறுக். கறுக். கறுக்.

ஏழு வாளிகளிலும் தலைகள் இருந்தன. ஏழு தாடைகளும் அசைந்தன. சத்தம் ஒன்றுதான்.

அவள் வெந்நீர் வாளியைக் கீழே வைத்தாள். யோசிக்காதே, வேலையைப் பார் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஜரியின் கழுத்தைத் தடவினாள். வீக்கம் இல்லை. சூடு இல்லை. விரலால் அழுத்தினாள், ஜரி நகரவில்லை. வெப்பமானியை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. இத்தனை நல்ல குறிகளை ஒரு தடுப்பூசிக்குப் பிறகு அவள் பார்த்ததே இல்லை. கழுத்து வலிக்காத குதிரை ஏன் தலையைத் தாழ்த்தவில்லை என்பது மட்டும்தான் கேள்வி. பாக்கெட்டிலிருந்து வெல்லக் கட்டியை எடுத்து முகத்துக்கு முன்னால் காட்டி, தரையில் போட்டாள். வெல்லத்துக்காகப் பூட்டிய கதவையே திறக்கக் கற்றுக்கொண்ட குதிரை ஜரி. இன்று அதன் பார்வை விழும் வெல்லத்தைத் தொடரவில்லை. கண்ணருகே ஒரு ஈ ஊர்ந்தது. விரட்டவில்லை. ஈ கண்ணின் ஈரத்தின் மேலேயே நடந்தது. இமை கொட்டவில்லை.

மாதங்கி கணவனை ஃபோனில் அழைத்தாள். வீடு ஐம்பதடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் குதிரைகளுக்கு முதுகைக் காட்டி அந்த ஐம்பதடியை நடக்க அப்போது அவளுக்கு மனம் வரவில்லை.

"பிரசாத், இதுங்க தலையைக் குனியவே மாட்டேங்குது. எல்லாம் ஒரே மாதிரி மெல்லுது. இமைகூடக் கொட்டல."

"ரெண்டாவது டோஸ்ல அப்படித்தான் இருக்கும்."

"எப்படித்தான்?"

"அடங்கி இருக்கும்." பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. "உன் கழுத்து எப்படி இருக்கு?"

"என் கழுத்துக்கு என்ன? அது சரியாகி ஒரு மாசமாச்சே."

"ஆமாம். சரியா ஒரு மாசம்," என்றான். "மழை வரப்போகுது. சீக்கிரம் வந்து சாப்பிடு."

ஃபோனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி காதிலேயே நின்றது. போன மாதம், குதிரைகளுக்கு முதல் ஊசி போட்ட மறுநாள் காலை, அவள் கழுத்து பிடித்துக்கொண்டது. இடது பக்கம். தலையணை சரியில்லை என்றுதான் நினைத்தாள். குனிய முடியவில்லை. பிரசாத் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தான், காய்ச்சல் மாத்திரை கொடுத்தான், மாலையில் கையைப் பிடித்துக்கொண்டு காலனித் தெருவில் மெல்ல நடத்திக் கூட்டிப் போனான். உட்கார்ந்து குனிந்து சாப்பிட முடியவில்லை என்றபோது, தட்டை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, "உனக்கும் வாளியை உயர்த்திக் கட்டியாச்சு" என்றான். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தன்னை அவன் அப்படிப் பார்த்துக்கொண்டதே இல்லை என்று மல்காஜ்கிரியில் இருக்கும் அக்கா பத்மப்ரியாவிடம் ஃபோனில் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அதற்கு முந்தின இரவில் அரைத் தூக்கத்தில் ஒரு உள்ளங்கை அவள் கண்ணை மூடியது. அதையும் இப்போதுதான் நினைத்துக்கொண்டாள். ஆசையாக வைத்த கை என்று நினைத்து அதற்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போயிருந்தாள்.

தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. பிறகு கொட்டியது. விளக்கு ஒருமுறை மங்கி, ஒருமுறை பிரகாசித்து, அணைந்தது. போலாரம் பக்கம் முழுவதும் மின்சாரம் போயிருக்க வேண்டும். சாலை விளக்குகளும் இல்லை. மழைச் சத்தத்துக்கு அடியில் அந்த மெல்லும் சத்தம் கொஞ்சமும் தாளம் தப்பாமல் வந்துகொண்டே இருந்தது. அவள் நின்று கேட்டாள். கறுக் என்னும்போது தன் மூச்சு உள்ளே போவதையும், அடுத்த கறுக்கில் வெளியே வருவதையும் கவனித்தாள். மூச்சைப் பிடித்து நிறுத்தினாள்.

மெல்லும் சத்தமும் நின்றது.

அவள் மூச்சு விட்டாள். கறுக்.

"யூசுப் பாய்."

தீவன அறைக்குள் யாரோ இருப்பது தெரிந்தது. ஃபோன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு, சுவரைத் தொட்டபடி நடந்தாள். தவிட்டு மூட்டைகளின் புளித்த வாசம். ஈரச் சாக்கு. எலி ஓடும் சத்தம்கூட இல்லை. மூட்டைகளின் நடுவில் யூசுப் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். உத்தரத்துக் கொக்கியிலிருந்து அவருடைய டிபன் டப்பா, புது நைலான் கயிற்றில், அவர் வாய்க்கு நேராகத் தொங்கியது. கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டிக் கிடந்தன. முகத்தை டப்பாவுக்குள் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதே தாளத்தில்.

"யூசுப் பாய். என்ன பண்றீங்க?"

அவர் திரும்பினார். தலை தனியாகத் திரும்பவில்லை; உடம்பு முழுதும் ஒரே கட்டையாகத் திரும்பியது. மோவாயில் சோறு ஒட்டியிருந்தது. மஃப்ளர் இல்லை. கழுத்தின் இடது பக்கத்தில் ஆறிப்போன ஒரு சின்னத் தழும்பு. வலது பக்கத்தில், தோலை மழித்து ஸ்பிரிட் தடவிய வட்டத்துக்குள், புதுப் புள்ளி ஒன்று.

"வலிக்கல மேடம்," என்றார் யூசுப். அவருடைய குரல்தான். அதற்குள் அவர் இல்லை. "முதல் வாட்டிதான் வலிச்சுது."

மாதங்கி பின்வாங்கினாள். மின்னல் வெட்டியது. அந்த ஒரு நொடியில் லாயம் முழுதும் வெள்ளையாகத் தெரிந்தது. வாளிகள் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒரு தலையும் இல்லை. ஏழு தலைகளும் ஒரே உயரத்தில் கதவுகளுக்கு வெளியே நீண்டு, ஒரே திசையில் திரும்பியிருந்தன. அவளைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மஹதி உள்ளே இருக்கிறாள்.

அவள் ஓடினாள். சேற்றில் செருப்பு ஒன்று கழன்றது. திரும்பவில்லை. ஒரு நினைப்பு மட்டும்தான். குழந்தையைக் கூட்டிக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, மல்காஜ்கிரி. அக்கா வீடு. பிறகு மற்றதெல்லாம்.

வீட்டுக்குள் எமர்ஜென்சி விளக்கு எரிந்தது. ரசம் வாசனை. பெருங்காயம், கொத்தமல்லி. அத்தனை சாதாரணமான வாசனை. ஒரு கணம் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிரசாத் சமையலறை மேடையருகில் ஒரு டவலால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கீழே விழுந்த கரண்டி ஒன்றைக் குனிந்து எடுத்தான். சர்வ சாதாரணமாகக் குனிந்தான். நிமிர்ந்து சிரித்தான்.

"நனைஞ்சுட்டியே. தலையைத் துவட்டு முதல்ல."

"யூசுப்புக்கு என்ன கொடுத்தே?"

"சாப்பிடு மாதங்கி. அப்புறம் பேசலாம்."

"பிரசாத், அந்த மருந்து என்னது? யாரு கொடுத்தா?"

அவன் ஃப்ரிட்ஜ் பக்கம் கையைக் காட்டினான்.

அவளுடைய தட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. அவளுடைய வாய்க்கு நேராக. ரசம் சாதம், ஓரத்தில் அப்பளம், பக்கத்தில் தண்ணீர் டம்ளர். சாதத்தை அவளுக்காகக் குழையப் பிசைந்தும் வைத்திருந்தான்.

அவள் கழுத்து இன்று வலிக்கவில்லை.

எவ்வளவு நேரம் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று தெரியாது. ஒத்தடம் கொடுத்த அந்தக் கைகள். தெருவில் பிடித்து நடத்திய கை. நெற்றியில் காய்ச்சல் பார்த்த புறங்கை. ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்து, ஒவ்வொன்றும் வேறொன்றாக மாறியது. அவன் அவளைப் பார்த்துக்கொள்ளவில்லை. கவனித்துக்கொண்டிருந்தான். வீக்கம் வற்றுகிறதா, சாப்பிடுகிறதா, நடக்கிறதா என்று.

"என்னைப் போயா," என்றாள். "பிரசாத். என்னைப் போயா."

"முதல் தடவை உனக்கு ரொம்ப வலிச்சுது. எனக்குத் தாங்கலை," என்றான் அவன். உண்மையிலேயே வருத்தப்பட்டான். "ரெண்டாவதுல அது இருக்காது. அப்புறம் எப்பவுமே இருக்காது."

"மஹதி," என்று கத்தினாள் மாதங்கி. "செருப்பைப் போடு. பெரியம்மா வீட்டுக்குப் போறோம். ஒண்ணும் எடுக்காதே, அப்படியே வா."

உள்ளறையிலிருந்து மஹதி வந்தாள். ஃபோன் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அம்மாவுக்கு வழி தெரிவதற்காகத்தான் ஃபோனை அப்படி உயர்த்திப் பிடித்திருக்கிறாள் என்று மாதங்கி நினைத்தாள். நல்ல பெண். பயப்படாத பெண். சாவி எங்கே. ஸ்கூட்டர் சாவி. மேடையில் இருந்தது, எடுத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது மஹதி இன்னும் அப்படியே நின்றிருந்தாள். ஃபோன் கண்களுக்கு நேராக இருந்தது. நாள் முழுதும் ஃபோனுக்குள் குனிந்தே இருக்கிறாய், கூன் விழப்போகிறது என்று எத்தனை திட்டு வாங்கிய பெண். போன மாதம் கழுத்து வலிக்கிறது என்றபோதும் அதே திட்டுத்தான். கழுத்து நேராக இருந்தது. தலைமுடியை உச்சியில் தூக்கிக் கட்டியிருந்தாள். யாரோ கட்டிவிட்டிருந்தார்கள்.

ஸ்பிரிட் வாசனை வந்தது.

"மஹி?"

மஹதி டைனிங் மேஜைக்கு அடியிலிருந்து ஸ்டூலைக் காலால் இழுத்தாள். கீழே பார்க்காமல். அதை அம்மாவுக்கு அருகில் தள்ளி, அதன்மேல் ஏறி நின்றாள். ஒரு கையால் அம்மாவின் ஈரத் தலையை அணைத்துக்கொண்டாள். வழக்கமான அணைப்பு. பள்ளியிலிருந்து வந்ததும் தினமும் கொடுக்கும் அணைப்பு. அவள் போடும் தேங்காய் எண்ணெயின் வாசனை. அவளுடைய சின்ன மூச்சு. மாதங்கி அவளை இறுக்கிக்கொண்டாள்.

மஹதியின் உள்ளங்கை அவளுடைய வலது கண்ணைப் பொத்தியது.

மிருதுவான கை. விரல்கள் சேர்ந்து, சரியான கோணத்தில், கண்ணை அழுத்தாமல். கற்றுக்கொண்ட கை. தன்னிடமிருந்து.

தள்ளிவிடலாம். ஒரு உதறல் போதும். ஸ்டூல் சாயும். குழந்தை பின்மண்டை அடிபட மேஜை விளிம்பில் விழுவாள்.

மாதங்கி அசையவில்லை.

மஹதி தன் நெற்றியை அம்மாவின் நெற்றியோடு சேர்த்தாள். காதருகே, திருத்தமான தமிழில், பிறந்ததிலிருந்து அந்த வாயில் ஒருமுறைகூட வராத தமிழில், மாதங்கியின் குரலிலேயே சொன்னாள்:

"ஒண்ணுமில்ல கண்ணு. கொசு கடிக்கிற மாதிரிதான்."

கழுத்தின் வலது பக்கத்தில் ஈரப் பஞ்சு பட்டது. குளிர்ந்தது. இரண்டு விரல்கள் தோலைக் கிள்ளித் தூக்கின.

பொத்தப்படாத கண்ணுக்கு ஜன்னல் தெரிந்தது. மின்னலில் ஏழு தலைகள் கம்பிகளுக்கு அந்தப் பக்கம், மழையில், ஒரே உயரத்தில். நடுவில் ஜரி. மெல்லும் சத்தம் இல்லை. அவை காத்துக்கொண்டிருந்தன.

மாதங்கி கண்களை மூட நினைத்தாள். மகளின் கைக்குள் அவளுடைய கண் திறந்தே இருந்தது.